கருப்பு வெள்ளையா, நீலமா, செபியாவா?

மோனோக்ரோம்னா, அதாவது ஒரே கலரோட சாயல்கள்ல மட்டும் இருக்குற படம்னா, கருப்பு வெள்ளைன்னுதான் பாதிப் பேர் நினைச்சிட்டு இருக்காங்க, ஆனா முழுக்க நீலத்துல இருக்குற போட்டோவும் மோனோக்ரோம்தான், பழுப்புல இருக்குற செபியாவும் அதேதான், என்ன, மூணுக்கும் குணம் வேற.

கருப்பு வெள்ளைக்கு பெரிய பலம் அதோட ரேஞ்ச், பளிச் வெள்ளைல ஆரம்பிச்சு கும்மிருட்டு வரைக்கும் போகும். ஆனா சும்மா சேச்சுரேஷனை, அதாவது கலரோட அடர்த்தியை, ஜீரோவுக்கு இழுத்தா போதும்னு நினைச்சா ஏமாந்துருவீங்க. பச்சை இலைக்கு நடுவுல ஒரு சிவப்பு ரோஜாவ அப்படித்தான் பண்ணேன், பூ எது இலை எதுன்னே தெரியல, ரெண்டும் ஒரே சாம்பல். அப்புறம் எடிட்டிங்ல ஒவ்வொரு கலரும் எவ்வளவு வெளிச்சமா வரணும்னு மாத்துற சேனல் மிக்ஸர்ல சிவப்பை ஏத்தி பச்சையை இறக்கினதும்தான் பூ வெளுத்து, இலை கருத்து, படம்னு ஒண்ணு வந்துச்சு. ஃபிலிம் காலத்துல லென்ஸ் முன்னாடி சிவப்பு ஃபில்டர் போட்டு நீல வானத்தை கருப்பாக்குனதும் இதே வேலைதான்.

நீலம்னா எனக்கு சயனோடைப்தான், வெயில்ல நீலமா படம் அச்செடுக்குற பழைய முறை. 1842ல இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்சது, கருப்பு வெள்ளை பிரிண்ட் மாதிரி இதுல வெள்ளியே கிடையாது, ரெண்டு இரும்பு உப்பை கலந்து பேப்பர்ல தடவி காய வெச்சு வெயில்ல காட்டணும். அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் கேமராவே இல்லாம கடல்பாசியை பேப்பர் மேல வெச்சு அச்செடுத்து புக்கா போட ஆரம்பிச்சுட்டாங்க. பேப்பரை தண்ணில போட்டதும் அந்த மஞ்சப்பச்சை கரைஞ்சு ஓடி நீலம் மேல வரும் பாருங்க, இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையா நிக்கும், அதுக்காகவே இன்னொரு ஷீட் வீணாக்கலாம். இலை, லேஸ் துணி, இறகு எல்லாத்துக்கும் சூப்பர், ஆனா மனுஷ முகத்துக்கு எனக்குப் பிடிக்காது, ஆளு குளிர்ல விறைச்ச மாதிரி இருக்கும். சோப்புத்தண்ணி மாதிரி காரத்தன்மை உள்ளது எது பட்டாலும் நீலம் போயிரும், அதையும் பாத்துக்கோங்க.

செபியா பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. அந்தக் காலத்துல பிரிண்ட்ல இருந்த வெள்ளியை வெள்ளி சல்ஃபைடா மாத்துவாங்க, அழுகின முட்டை நாத்தம் வரும், ஆனா படம் ரொம்ப நாள் தாங்கும். இப்ப ஆப்ல வர்ற செபியா வெறும் பழுப்புப் பூச்சு, பழசு மாதிரி நடிக்குது, அவ்வளவுதான்.

வேற கலர் ட்ரை பண்றதா இருந்தா ஒண்ணு மட்டும் பாருங்க, அந்த கலர் எவ்வளவு தூரம் இருட்டா போகுதுன்னு. நீலம் கிட்டத்தட்ட கருப்பு வரைக்கும் போகும், மஞ்சளை இருட்டாக்கினா அது மஞ்சளாவே இருக்காது, அழுக்கு பச்சை ஆயிரும். அதான் மஞ்சள்ல படம் சப்புன்னு இருக்கு.

இந்தக் கணக்கெல்லாம் பிரெஞ்சு ஓவியர் ஈவ் க்ளைன்கிட்ட செல்லாது. அவர் கேன்வாஸ்ல நிழலும் இல்ல வெளிச்சமும் இல்ல, முழுக்க ஒரே அல்ட்ராமரைன், அடர் நீலம். நிறம் பொடியா இருக்கும்போது உள்ள அந்த வெல்வெட் தன்மை போகக்கூடாதுன்னு ஸ்பெஷலா ஒரு ரெசின்ல (பிசின் மாதிரி ஒண்ணு) கலந்தாரு, ஃபோன்ல பாத்தா அதுல ஒண்ணும் தெரியாது, வெறும் நீலக் கட்டம்தான்.

அந்த ரோஜாவ நீலத்துலயும் போட்டுப் பாத்தேன், கண்றாவியா இருந்துச்சு. கடைசில கலர்லயே விட்டுட்டேன்.