அப்போலோவுக்கு மேக்ரோ லென்ஸா, ஜூம் லென்ஸா?

ஜூலையில் ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறவர், அப்போலோ வண்ணத்துப்பூச்சியைப் படமெடுக்க எந்த லென்ஸ் நல்லது என்று விசாரித்தால், மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்க உதவும் மேக்ரோதான் என்பார்கள் பலரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே லென்ஸைத்தான் சுமக்க முடியும் என்றால், தூரத்தில் உள்ளதை இழுத்துக் காட்டுவதோடு அருகில் இருப்பதையும் குவியப்படுத்தக்கூடிய ஜூம் லென்ஸையே எடுத்துச் செல்வேன்.

முதலில் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். அப்போலோ பறக்கும் அதே மலைகளில் 'சிறிய அப்போலோ' என்ற உறவினமும் பறக்கிறது. இரண்டுக்கும் வெள்ளை இறக்கை, கரும்புள்ளிகள், பின்னிறக்கையில் கறுப்பு வளையத்துக்குள் சிவப்புப் பொட்டு. பெயரை நம்பி அளவை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். நம்பிப் பார்க்க வேண்டியது தலையிலிருந்து நீளும் உணர்கொம்பை. அப்போலோவின் உணர்கொம்பு வெளிர்சாம்பல் நிறம். அதிலுள்ள வளையங்கள் மங்கலானவை. சிறிய அப்போலோவுக்கோ வெள்ளையும் கறுப்பும் மாறிமாறிப் பளிச்சென்று தெரியும். அடுத்தது முன்னிறக்கையின் மேல்விளிம்பு. அங்கே நுனிப்பக்கக் கரும்புள்ளிகளுக்குள் சிவப்பு இருந்தால் பெரும்பாலும் அது சிறிய அப்போலோ. சூழலும் ஓரளவு துப்புக் கொடுக்கும். அப்போலோவின் புழு சீடம் என்ற சதைப்பற்றுள்ள செடியைத் தின்னும். ஆகவே வெயில் படும் கற்சரிவுகள் அதன் இடம். சிறியது உயரமான இடங்களில், ஓடைக்கரை ஈரத்தில் மஞ்சள் பூப்பூக்கும் சாக்சிஃப்ரேஜ் செடியை ஒட்டித் திரியும். ஆனால் இரண்டுக்கும் இறக்கை உண்டு; இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

ஆக, உணர்கொம்பும் முன்னிறக்கை விளிம்பும் தெளிவாக விழுந்த படம்தான் நமக்குத் தேவை. இனிக் கணக்குக்கு வருவோம். முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் படம் விழும் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம். விரித்த அப்போலோ ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். மேக்ரோவின் பெருமையான ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில், அதாவது பொருள் தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்போது, பாதிப் பூச்சிகூடச் சட்டகத்துக்குள் அடங்காது. கேனனின் 100-400 ஜூம் லென்ஸின் இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது 98 சென்டிமீட்டர் தூரத்தில் 0.31 மடங்கு உருப்பெருக்கம் தரும். 75 மில்லிமீட்டர் பூச்சி சென்சாரில் 23 மில்லிமீட்டராக விழுகிறது. உணர்கொம்பு வளையங்களை எண்ண அது தாராளம். அதே அளவு படத்துக்கு 100 மில்லிமீட்டர் மேக்ரோவோடு ஏறக்குறைய அரை மீட்டர் வரை நெருங்க வேண்டும்.

அந்த அரை மீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. நடுப்பகல் வெயிலில் முட்செடிப் பூவில் தேனருந்தும் அப்போலோ, நம் நிழல் மேலே விழுந்ததும் எழும்பி, சரிவில் மிதந்து கீழே போய்விடும். கல்லும் முள்ளுமான இடத்தில் அதைத் துரத்துவது ஆபத்து. சீடச் செடிகளும் மிதிபடும். குவிய ஆழத்துக்காக, அதாவது முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் பரப்புக்காக, மேக்ரோவை வாங்குவதிலும் பொருளில்லை. உருப்பெருக்கமும் லென்ஸ் ஒளித்துளையின் எஃப் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஆழம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. பின்னணியில் ஜூம் ஒரு படி மேல்: அதன் குறுகிய பார்வைக்கோணம் புல்லையும் கல்லையும் ஒதுக்கிவிடுகிறது.

சுமைதான் அதன் குறை. இந்த ஜூம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கேனனின் 100 எம்.எம். எல் மேக்ரோ 625 கிராம். ஏற்றத்தில் தோள்பட்டைக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மேக்ரோவுக்கு உரிய நேரம் குளிர்ந்த அதிகாலை. உடல் சூடேறாத அப்போலோ புல்லிலோ பூவிலோ பறக்க முடியாமல் அமர்ந்திருக்கும். செதில்களின் அமைப்பு, இறக்கையின் கண்ணாடி போன்ற ஓரம், இணைசேர்ந்த பெண்ணின் வயிற்றுநுனியில் ஆண் விட்டுச்சென்ற கெட்டியான மூடி ஆகியவற்றையெல்லாம் அப்போதுதான் நிதானமாக எடுக்கலாம். மிகவும் நெருங்கினால் அது இறக்கையைச் சட்டென விரித்துச் சிவப்புப் பொட்டுகளைக் காட்டும். கால்களை இறக்கையின் அடிப்பக்கத்தில் உரசிச் சீறும். அது மிரட்சியின் அடையாளம், விலகிவிட வேண்டும். பிடித்துக் குளிரூட்டிப் படமெடுக்கும் எண்ணமே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிட ஆணையில், கண்டிப்பாகப் பாதுகாக்க வேண்டிய இனங்களைப் பட்டியலிடும் நான்காம் இணைப்பில் உள்ள இனம் இது, பிடிப்பது குற்றம். கைப்பேசியும் இந்த அதிகாலையில்தான் பயன்படும், பகலில் அதற்கு வேலை இல்லை.

எந்த லென்ஸானாலும் வெள்ளை இறக்கை வெளிறிப்போகும். கரும்பச்சைப் புல்லைப் பார்த்து கேமரா ஒளியைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியளவை, முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) அளவு குறைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் அடிபட்ட பூச்சிகளே அதிகம். சிவப்பு ஆரஞ்சாக வெளுத்திருக்கும், விளிம்பு கிழிந்திருக்கும், புள்ளியை வைத்து இனம் சொல்வது கடினம். உணர்கொம்பின் வளையங்கள் அப்போதும் பெரும்பாலும் தெரியும். ஒரே ஒரு சொடுக்குக்குத்தான் நேரம் என்றால் குவியத்தைத் தலையில் வையுங்கள்.