குளவி கொட்டினால் சுண்ணாம்பா, ஐஸ் கட்டியா? பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிப் பார்த்தவை

ஆயர் ஈத்தாமில் மரம் செடியோடு வீடு இருந்தால் தேனீயோ குளவியோ அவ்வப்போது கொட்டத்தான் செய்யும். கொட்டின உடனே வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள், அத்தை சுண்ணாம்பு என்பார், பக்கத்து வீட்டு அங்கிள் வினிகர் என்பார். அதனால் லிட்டில் இந்தியாவில் கிடைக்கிற எல்லாவற்றையும் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. எது காசுக்குத் தகும், எது தகாது என்று சொல்லிவிடுகிறேன்.

குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் போனால் வெற்றிலையோடு சுண்ணாம்பும் வாங்கலாம், விலை ஒன்றுமே இல்லை. ஆனால் கொட்டின இடத்தில் தடவ அதை வாங்காதீர்கள். தேனீயின் விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றை ஒன்று முறித்துவிடும் என்பதுதான் கணக்கு. குளவி விஷம் காரம், அதற்கு வினிகர் என்பதும் இதே கணக்குதான். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விஷம் போய் நிற்பது தோலுக்கு அடியில், நாம் பூசுவது தோலுக்கு மேலே. அதுவும் தேனீ விஷத்தில் வலியைக் கொடுப்பது பெரும்பாலும் மெலிட்டின் என்ற புரதப்பொருள், வெறும் அமிலம் இல்லை. சுண்ணாம்பு அதைத் தொடுவதில்லை, தோலைத்தான் பொசுக்கும், பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். வினிகர் பாட்டிலைப் பத்து ஃபெரிங்கி கடலுக்குப் போகும்போது எடுத்துப் போங்கள், பெட்டி ஜெல்லி மீன் கொட்டினால் அங்கே நிஜமாகவே உதவும்.

கோடாலித் தைலம் வேறு கதை. மென்தாலும் கற்பூரமும் சில்லென்று ஏறி வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், விஷத்தை ஒன்றும் செய்யாது. பெரியவர்களுக்குப் பரவாயில்லை, கைக்குழந்தை பக்கம் கொண்டுபோகாதீர்கள். மஞ்சள் பற்று, துளசிச் சாறு இரண்டாலும் பெரிய கெடுதல் இல்லை, சட்டைக் கறைதான் மிச்சம்.

எனக்கு எரிச்சல் வந்தது ஒரு நாட்டு மருந்துக் கடையில். 'விஷமுறிவுப் பொடி' என்று பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்கள், என்ன சேர்த்தது என்று எழுதவில்லை, விலை மட்டும் தாராளம். நம் நாட்டில் பதிவு செய்த பாரம்பரிய மருந்து என்றால் டப்பாவில் 'MAL' என்று தொடங்கி 'T'யில் முடியும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கணும். அதைக் கேட்டதும் கடைக்காரர் "தாத்தா காலத்துப் பொடி அண்ணே" என்று பேச்சை மாற்றினார். குழைத்துப் போட்டதில் அரிப்பு குறையவும் இல்லை.

காசு கொடுத்ததில் உருப்படியானது ஃபார்மசிதான். மருந்தாளர் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனால் என்ன கொட்டியது, எப்போது, மூச்சு சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு செட்ரிசின் மாத்திரையும் அரிப்புக்கு ஹைட்ரோகார்டிசோன் களிம்பும் கொடுப்பார். கலமைன் லோஷனும் நல்லதுதான், மலிவு. வீக்கம் மறுநாள் கூடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், சிலருக்கு இரண்டு நாள் வரை ஏறித்தான் இறங்கும்.

இதற்கெல்லாம் முன்னால் காசில்லாத வேலை இருக்கிறது. தேனீயின் கொடுக்கில் முள் உண்டு, அதனால் விஷப்பையோடு நம் தோலிலேயே தங்கி தொடர்ந்து விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தால் வழிப்பதா கிள்ளி எடுப்பதா என்று யோசிக்காமல் உடனே எடுத்துவிடுங்கள், வேகம்தான் முக்கியம். எடுத்ததும் அங்கேயே நிற்காதீர்கள், கொட்டின இடத்திலிருந்து வாழைப்பழ வாசம் போல ஒன்று கிளம்பி மற்ற தேனீக்களையும் கூப்பிடும். குளவி கொடுக்கை விட்டுப் போகாது, திரும்பத் திரும்பக் கொட்டும், ஆகவே முள்ளைத் தேடி ஊசியால் குத்த வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் போதும். நான் பார்த்தவரை ஐஸை மிஞ்சிய வீட்டு வைத்தியம் இல்லை, மோதிரத்தையும் வளையலையும் வீங்கும் முன்னே கழற்றிவிடுங்கள் என்பது மட்டும் கூடுதல்.

தெபுவான் என்கிற பெரிய குளவியின் கூடு விஷயத்தில் மட்டும் கைவைத்தியமும் வேண்டாம், கல்லெறிவதும் வேண்டாம். பொம்பா என்கிற தீயணைப்புப் படையையோ பொதுத் தற்காப்புப் படையையோ கூப்பிடுங்கள், பெரும்பாலும் இருட்டின பிறகு வந்து எடுப்பார்கள். நிறையக் கொட்டு வாங்கினாலும், வாய்க்குள் கொட்டினாலும், மூச்சு இழுத்தாலோ நாக்கு தடித்தாலோ உடம்பெங்கும் தடிப்பு வந்து தலை சுற்றினாலோ 999. அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி, அது எந்த மளிகைக் கடையிலும் கிடைக்காது.

என் மதிப்பெண்: ஐஸுக்கும் ஃபார்மசிக்கும் ஐந்துக்கு ஐந்து, கோடாலித் தைலத்துக்கு இரண்டு, சுண்ணாம்புக்கும் அந்தப் பொடிக்கும் பூஜ்ஜியம். ஞாயிறு மாலையில் பல ஃபார்மசிகளில் மருந்தாளர் இருப்பதில்லை, மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.