வன்னியில் ஸ்போர்ட்ஸ் கார் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனம்: என் 150,000 ரூபா போய்விட்டது

ஒன்றரை லட்சம் ரூபா. முற்பணமாகக் கட்டிய காசு இனி வராது என்று இன்று காலை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

கனடாவிலிருந்து வந்த மச்சானுடன் கிளிநொச்சியிலிருந்து காலி வரை ஓட வேண்டும் என்பது கனநாள் ஆசை. முகநூலில் விளம்பரம் போட்டு வாகனம் வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று கிடைத்தது. முதலாளி தேத்தண்ணி தந்தார். கதவோரம் இருந்த சேர்விஸ் ஸ்டிக்கரை விரலால் தொட்டுக் காட்டி, “பாருங்கோ தம்பி, போன கிழமைதான் ஒயில் மாத்தினது. கண்ணை மூடிக்கொண்டு ஓடுங்கோ” என்றார். நீலப் பேனையால் திகதி, கிலோமீட்டர் எல்லாம் எழுதியிருந்தது. ரசீது கேட்டோம். “புத்தகம் முடிஞ்சுது, வாட்ஸ்அப்பில போட்டுவிடுறன்.” ஊர்க்காரர், வயதில் மூத்தவர், எப்படி நம்பாமல் இருப்பது?

முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு போனோம். மாங்குளம் தாண்டி, புளியங்குளம் வருவதற்குள் ஒயில் லைட் எரிந்தது. ஓரங்கட்டுவதற்குள் என்ஜின் நின்றுவிட்டது. பிறகு ஸ்டார்ட் ஆகவேயில்லை.

கட்டி இழுத்து வவுனியாவில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் ஒயில் கம்பியை இழுத்துக் காட்டினார். நுனியில் மட்டும் தார் போல ஒரு கறுப்பு. பில்டரைச் சுற்றி மண்ணும் துருவும். போன கிழமை மாற்றியது என்பது பச்சைப் பொய்!

அந்தக் காரில் இருப்பது ரோட்டரி என்ஜின், பிஸ்டன் கிடையாது. உள்ளே சுழலும் பாகத்தின் ஓரங்கள் தேயாமல் இருக்க ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டேதான் ஓடும். பெட்ரோல் அடிக்கும்போதே ஒயிலையும் பார்க்க வேண்டுமாம். காலி வரை போகிறோம் என்று தெரிந்தும் அந்த மனிதர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கோல் எடுத்தால் முதலில் “கொழும்பில நிக்கிறன்.” பிறகு “கராஜ்காரரோட கதைச்சிட்டுச் சொல்லுறன்.” அதற்குப் பிறகு போனே எடுப்பதில்லை. காரை மட்டும் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். இன்று நேரே போனால் இருக்கச் சொல்லக்கூட இல்லை. “நீங்கள் பறக்கவிட்டு என்ஜினை எரிச்சுப்போட்டியள், ஒன்றரை லட்சம் அதுக்கே காணாது” என்கிறார். 150,000 ரூபா, என் பல மாதச் சம்பளம்!

எடுப்பவர்களுக்கு விவரமாக எழுதத்தான் இருந்தேன். ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ரசீது கையில் வராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குச் செல்லுமா என்று கேளுங்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். பில்டரின் படம் என்னிடம் இருக்கிறது, அதோடு இப்போது பொலிசுக்குப் போகிறேன்.