பழைய பப்பின் வரலாறு: உரிமப் பதிவேடா, வணிக டைரக்டரியா?

இங்கிலாந்தின் ஒரு சிறு ஊரில் எந்தெந்தக் கட்டடங்கள் பப்பாக (மதுக்கடையாக) இருந்தன என்று தேடுபவர் முதலில் கையில் எடுப்பது டைரக்டரியைத்தான். ஊர்வாரியாக வணிகர்களைப் பட்டியலிட்ட அச்சுப் புத்தகங்கள் இவை; பிகட், கெல்லி போன்ற பதிப்பாளர்கள் வெளியிட்டவை. பல பிரதிகளை இணையத்திலேயே புரட்டலாம். பப் பெயர், நடத்துபவர், தெரு மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும். ஆனால் அச்சேறும்போதே தகவல் பழசாகியிருக்கும். அதைவிடப் பெரிய ஓட்டை, 1830 பீர்க்கடைச் சட்டத்தால் வந்தது. 2 கினி (பழைய ஆங்கிலப் பணம்) கட்டினால், வரி செலுத்தும் எவரும் உள்ளூர் நீதிபதிகளின் உரிமம் இல்லாமலேயே வீட்டில் பீர் விற்கலாம் என்றானது. இவர்கள் டைரக்டரியில் 'பீர் விற்பவர்' என்ற தலைப்பில் பெரும்பாலும் ஆள் பெயராக மட்டுமே நிற்பார்கள். கடைப் பெயர் இராது.

மது விற்க நீதிபதிகள் தந்த உரிமங்களின் பதிவேடுகளுக்கு மாவட்ட ஆவணக் காப்பகம் போகவேண்டும். 1753 முதல் 1828 வரை உரிமதாரர்களின் பிணைப்பத்திரங்கள் (கடையை ஒழுங்காக நடத்துவதாகத் தந்த உறுதி) ஆண்டுதோறும் பதிவாயின, அந்தத் தொடர்ச்சியே அவற்றின் பலம். தொடக்க ஆண்டுகளில் பல இடங்களில் பப் பெயரே எழுதவில்லை என்பதுதான் எரிச்சல். பீர்க்கடைகள் 1869-இல்தான் மீண்டும் நீதிபதிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இடைப்பட்ட சுமார் 40 ஆண்டுகளுக்கு நீதிபதிகளின் ஏட்டில் அவற்றைத் தேடிப் பயனில்லை.

1830-க்கு முன் என்றால் பதிவேடு, பின் என்றால் டைரக்டரி. இரண்டையும் இணைக்கும் கயிறு உரிமதாரர் பெயர். பப் பெயரை நம்பாதீர்கள்: பெயர்ப்பலகை தெருவின் எதிர்ப்பக்கத்துக்கே இடம் மாறியிருக்கலாம்.