காரின் தலையில் சைக்கிள்: கிருஷ்ணகிரி வெயிலிலும் கிரானைட் தூசியிலும் ஒரு ரூஃப் ரேக்

சைக்கிள் ஏற்ற ரூஃப் ரேக் எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும், ரேக்கைப் பற்றி நான் முதலில் வாயே திறப்பதில்லை. "உங்க கார் கூரையில என்ன இருக்கு?" என்றுதான் கேட்பேன். பதிலைக் கேட்டதுமே முக்கால்வாசி முடிவு ஆகிவிடும். மேலே மாட்டும் ட்ரே, அதாவது சைக்கிள் உட்காரும் தட்டு, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம்.

எங்கள் ஊரில் இது ஏன் தேவைப்படுகிறது என்றால், கிருஷ்ணகிரியைச் சுற்றி எல்லாப் பக்கமும் தேசிய நெடுஞ்சாலை. ஓசூருக்கும் தருமபுரிக்கும் 44, சென்னைப் பக்கம் 48, திருவண்ணாமலைப் பக்கம் 77. ஊருக்குள்ளேயே ஒரு சுற்று மிதித்துவர கார் வேண்டாம். ஏலகிரி ஏற வேண்டும், அஞ்செட்டிக் காட்டு ரோட்டில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால், கன்டெய்னர் லாரிக்கும் கிரானைட் கல் ஏற்றிய டிரெய்லருக்கும் ஓரமாக மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. அடிவாரம் வரை கார், அங்கிருந்து சைக்கிள் என்று முடிவு செய்து 2021 கடைசியில் ரேக் மாட்டினேன். கார் ஒரு சின்ன எஸ்யூவி. ஏறுவது இரண்டு சைக்கிள், என்னுடைய எம்டிபி (மவுன்டன் பைக்) ஒன்று, மனைவியின் ஹைப்ரிட் (ரோடு சைக்கிளும் எம்டிபியும் கலந்த வகை) ஒன்று.

சரி, கூரைக்கு வருவோம். இப்போது வரும் கார்கள் பலவற்றில் கூரையின் இரு ஓரமும் வெள்ளிக் கம்பி மாதிரி ரெயில் இருக்கிறது. அதில் பாதி வெறும் அழகுக்கு. உள்ளே இரும்பு இல்லை, பிளாஸ்டிக்கை ஒட்டியோ கிளிப் போட்டோ வைத்திருப்பார்கள். ஷோரூமில் கேட்டால் "தாங்கும் சார், தாராளமா தாங்கும்" என்பார்கள். அந்தப் பேச்சு வேண்டாம், கார் கையேட்டில் கூரை எடை வரம்பு என்று ஒரு இடம் இருக்கும், அதைப் பாருங்கள். என் காருக்கு 50 கிலோ என்று போட்டிருக்கிறது. அந்த 50-இல் ரேக்கின் எடையும் சேர்த்தி. பலர் விடுவது இங்கேதான். கூரைக்குக் குறுக்கே போகும் இரண்டு கிராஸ் பாரும் அவற்றைப் பிடிக்கும் கால்களும் ஆறு கிலோ, ட்ரே இரண்டும் எட்டுக் கிலோ, எம்டிபி பதினைந்து, ஹைப்ரிட் பதின்மூன்று. மொத்தம் 42. மூன்றாவது சைக்கிளுக்கு மேலே அகலத்தில் இடம் இருக்கிறது, எடையில் இல்லை. அக்கா பையன் பிளஸ் ஒன்னில் வாங்கிய விலையில்லா மிதிவண்டியையும் ஏற்றச் சொல்லி ஒருநாள் அழுது பார்த்தான். அது என் எம்டிபியை விடவும் கனம். மாட்டேன் என்றுவிட்டேன்.

கிராஸ் பாரைக் கூரையோடு பிடித்துக்கொள்ளும் பகுதியைத்தான் கால் என்கிறேன். இந்த விஷயத்தில் உயிர்நாடியே அதுதான். ரெயிலுக்கும் கூரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரெயிலைச் சுற்றிப் பிடிக்கும் கால் போதும், வேலை சுலபம். ரெயில் கூரையோடு ஒட்டியிருந்தால் அதற்குத் தனிக் கால். ரெயிலே இல்லாத ஹேட்ச்பேக் என்றால் கதவைத் திறந்து அதன் மேல் விளிம்பில் கொக்கி போட்டு இறுக்கும் கால். இந்தக் கடைசி வகைக்கு உங்கள் கார் மாடலின் வளைவுக்கென்றே செய்த கிட் வேண்டும். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று ஆன்லைனில் விற்பதை வாங்கி, ரப்பர் துண்டு செருகிச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொப்பூர்க் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது, பக்கத்தில் லாரி வீசும் காற்றில் அந்த ரப்பர் துண்டை நம்பி எப்படி ஓட்டுகிறார்களோ.

லோக்கல் வெல்டிங் பட்டறையில் கேரியர் அடித்துக்கொள்ளலாமே என்று நம்மூரில் கட்டாயம் ஒருவர் சொல்வார். அம்பாசிடர், ஆம்னி காலத்துக்கு அது சரி. அந்த வண்டிகளில் கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வழிய ஒரு மடிப்பு இருந்தது. பட்டறைக் கேரியரின் பிடி அந்த மடிப்பில் கெட்டியாக உட்காரும். இன்றைய கார்களில் அந்த மடிப்பே இல்லை. கம்பியும் வெல்டிங்கும் பிரமாதமாக இருக்கும், பிடிக்கத்தான் இடம் இருக்காது.

ட்ரே வகைகளில் மூன்றைத்தான் நான் கணக்கில் எடுத்தேன். முன்சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் ஃபோர்க்கைப் பூட்டும் வகை விலை குறைவு, உயரமும் குறைவு, ஆட்டம் கிடையாது. ஆனால் கழற்றிய சக்கரம் காருக்குள் வரும். சேற்றோடு வரும். டிஸ்க் பிரேக் என்றால் பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு செருக வேண்டும், மறந்துபோய் யாராவது பிரேக்கை அழுத்தினால் பேடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஃபோர்க்கின் ஆக்ஸில் (சக்கர அச்சு) நெம்பைத் திருப்பிக் கழற்றும் சாதாரண குயிக் ரிலீஸா, துளைக்குள் நுழையும் 12 மி.மீ. தண்டா, 15 மி.மீ. தண்டா என்பதற்கு ஏற்ப அடாப்டரும் மாறும். இரண்டாவது, சைக்கிளை அப்படியே நிறுத்தி ஃபிரேமின் கீழ்க்குழாயைக் கை ஒன்று கவ்வும் வகை. தூலே போன்ற கம்பெனிகளின் ட்ரேக்களில் பிரபலமானது இதுதான், ஒரு சைக்கிளுக்கு 20 கிலோ வரை என்பது பொதுவான வரம்பு. மூன்றாவது, ஃபிரேமைத் தொடாமல் முன்சக்கரத்தை மட்டும் வளையம் போட்டுப் பிடிப்பது. கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதற்குப் போகலாம்.

நான் ஒரே மாதிரி இரண்டு வாங்கவில்லை. எம்டிபிக்குக் கீழ்க்குழாய்க் கவ்வி. மனைவியின் சைக்கிளில் மேல்குழாய் தாழ்வாக இறங்குவதால் கவ்வியின் தாடை உட்கார இடம் போதவில்லை, அதற்குச் சக்கரப் பிடி. கடையில் "ஜோடியா எடுத்தா விலை குறைச்சுத் தரேன்" என்றார்கள். சைக்கிள் ஜோடியாக இல்லையே.

சுவரில் ஒட்டும் கொக்கி மாதிரி வாக்யூம் கப் ரேக்கும் வந்திருக்கிறது. கூரையில் எதுவுமே இல்லாத காருக்கு நல்ல யோசனை. ஆனால் பர்கூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைகளைத் தாண்டி வரும் காரின் கூரையில் ஒரு விரலை இழுத்துப் பாருங்கள், கோடு விழும். துளித் தூசி இல்லாத வழவழப்பான பரப்பில்தான் அந்தக் கப் பிடிக்கும். ஊர் ஊராக நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்க முடியாது. டிக்கியில் பட்டை போட்டுக் கட்டும் ரேக் விலையில் சல்லிசு, தூக்கும் வேலையும் கம்மி. பின் நம்பர் பிளேட்டும் லைட்டும் மறையும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் பின்னால் வருபவன் தாமதமாகப் பிரேக் போட்டால் முதல் அடி சைக்கிளுக்குத்தான்.

பயன்பாட்டில் முதல் சிரமம் தூக்குவது. பதினைந்து கிலோ என்பது தரையில் ஒன்றுமில்லை, தலைக்கு மேலே போகும்போதுதான் பதினைந்தாகத் தெரியும். நான் செய்வது இது. கவ்வியைத் திறந்து, பின்பட்டையை வெளியே தொங்கவிட்டு, பின்கதவைத் திறந்து வாசற்படியில் ஒரு கால் வைத்துக்கொள்வேன். இடது கை ஃபோர்க்கிலும் வலது கை சீட்டுக்குக் கீழேயும். முதலில் பின்சக்கரம் ட்ரேயில் உட்கார வேண்டும், பிறகு முன்சக்கரம். கவ்வியைத் தூக்கிக் குழாயில் வைத்து, திருகை டிக் டிக் என்று சத்தம் வரும் வரை திருகினால் போதும், அதற்கு மேல் இறுகாதபடி அதிலேயே ஏற்பாடு இருக்கிறது. கடைசியாகச் சக்கரப் பட்டைகள். அப்புறம் ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு உலுக்கு. சைக்கிளோடு காரும் ஆட வேண்டும். சைக்கிள் மட்டும் ஆடினால் மறுபடி முதலிலிருந்து. கனமான சைக்கிளை இடது பக்கம் வைத்திருக்கிறேன், ரோட்டோரம் நிறுத்தி ஏற்றும்போது லாரிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டாம். உயரம் குறைந்தவர்கள் டிக்கியில் ஒரு மடக்கு ஸ்டூல் போட்டுவைப்பது நல்லது. என் மனைவி ஸ்டூல் இல்லாமல் ஏற்றுவதில்லை, இறக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்.

வாங்கும்முன் டிக்கிக் கதவை முழுசாகத் திறந்து பாருங்கள், ட்ரேயின் வால் இடிக்கிறதா என்று. சுறாத்துடுப்பு ஆன்டெனா, சன்ரூஃப் இரண்டையும் பாருங்கள். இரண்டு ஹேண்டில்பாரும் முட்டிக்கொண்டால் ஒரு ட்ரேயை முன்னே தள்ளிப் போடலாம்.

இரண்டாவது சிரமம் உயரம். கார் 1.64 மீட்டர், அதற்கு மேல் பாரும் ட்ரேயும் சைக்கிளும் சேர்ந்து 2.8-ஐத் தொடுகிறது. டோல்கேட்டிலும் பெட்ரோல் பங்கிலும் பிரச்சனை இல்லை, டோல் கட்டணமும் மாறுவதில்லை. பெங்களூர் மால்களின் அடித்தளப் பார்க்கிங்கில் 2.1, 2.2 என்று கம்பி தொங்கவிட்டிருப்பார்கள், அங்கே சைக்கிளோடு போகும் எண்ணமே வேண்டாம். நம் பக்கத்துத் தொல்லை வேறு மாதிரி. மே, ஜூனில் காவேரிப்பட்டணம் பக்கம் உள்ரோடுகளில் மாங்காய்ச் சுமையில் கிளை தாழ்ந்து ரோட்டுக்கு வந்திருக்கும். தருமபுரிப் பக்கம் பழைய ரோடுகளில் புளியமரம். புளியங்கிளை பார்க்க மெல்லிசு, உரசினால் சீட் கவரைக் கிழிக்கும். இதைவிட மோசம் கேபிள் டிவி ஒயர். ஊருக்குள் இந்தக் கம்பத்திலிருந்து அந்த வீட்டுக்குத் தொய்வாகக் கட்டியிருப்பார்கள். மாரியம்மன் பண்டிகை என்றால் அதோடு சீரியல் பல்பும் சேரும். பென்னாகரத்துக்கு முன்னால் ஒரு ஊரில் டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் ஓடி வந்து, "தம்பி நிறுத்து, நிறுத்து, ஒயரு மாட்டுது!" என்று கத்தி, ஒரு நீளக் கொம்பால் ஒயரைத் தூக்கிப் பிடித்து எங்களை அனுப்பினார். மாங்காய் பறிக்க வைத்திருந்த கொம்பாம். தருமபுரி நண்பர் ஒருவர் வீட்டுப் போர்ட்டிகோவுக்குள் சைக்கிளோடு நுழைந்து ஃபோர்க்கையும் ஒரு பாரையும் சேர்த்து வளைத்தார். அதிலிருந்து நான் சாவிக்கொத்தில் ஒரு சிவப்பு நாடா கட்டுகிறேன். சைக்கிள் மேலே இருந்தால் நாடாவும் இருக்கும்.

மைலேஜ் அடி வாங்கும். ஹைவேயில் 18 கொடுக்கும் வண்டி, இரண்டு சைக்கிளோடு 14 பக்கம் வந்துவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 80-இல் போகிறவர் 100-ஐத் தொட்டால் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். நான் 80-ஐத் தாண்டுவதில்லை. சைக்கிள் இல்லாத நாளிலும் வெறும் பார் விசில் அடிக்கும். சதுர இரும்புப் பாரில் அது சகிக்க முடியாத சத்தம், விமான இறக்கை வடிவ அலுமினியப் பாரில் வெகுவாகக் குறைகிறது. விலை கூடினாலும் இந்த ஒன்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். மாதக்கணக்கில் சைக்கிள் ஏற்றாதவர்கள் பாரைக் கழற்றி வைத்துவிடுவதே மேல்.

இத்தனை வருடத்தில் எது தேய்ந்தது? அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் போனது சக்கரப் பட்டை. இரண்டாவது கோடையிலேயே ரப்பர் வெளுத்து, மடிக்கும் இடத்தில் நூல்நூலாக வெடிப்பு விட்டது. ஒருநாள் இழுக்கும்போது பல் வரிசையோடு கையில் வந்துவிட்டது. பட்டை தனியாகக் கிடைக்கும், ஆனால் விற்ற கடை வரவழைத்துத் தர மூன்று மாதம் இழுத்தடித்தது. இப்போது ஒரு ஜோடி உபரியாகவே வைத்திருக்கிறேன். வாங்கும் பிராண்டுக்கு உதிரிப் பட்டை, சாவி, திருகு தனித்தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெயர் தெரியாத மலிவு ட்ரேயில் பட்டை போனால் ட்ரேயே போனது.

அடுத்தது பூட்டு. கிரானைட் தூசி சாவித்துவாரத்தில் ஏறி, சாவி பாதியில் நிற்கும். எண்ணெய் விட்டால் இன்னும் மோசம், தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். கிராஃபைட் தூள்தான் சரி. அதே தூசி காலின் ரப்பருக்கும் கூரைப் பெயின்ட்டுக்கும் நடுவே போய் உட்கார்ந்தால் உப்புக்காகிதம் மாதிரி அரைக்கும். மாட்டும் முன் ஈரத்துணியால் துடைத்து, கால் உட்காரும் இடத்தில் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன். ஃபிலிமில் கீறல் நிறைய, பெயின்ட்டில் இல்லை. போல்ட்டுகளை மாட்டிய முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்பும் இறுக்கிப் பார்ப்பேன். கால் மணி நேரம்கூட ஆகாது.

மழையில் வேகமாகப் போனால் தண்ணீர் ஹெட்செட்டுக்குள் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) அடித்து ஏறும், சீட்டுக்கு மட்டும் உறை போட்டுப் பயனில்லை, வீட்டுக்கு வந்ததும் கிரீஸ் பார்க்க வேண்டும். ஒகேனக்கல்லில் நிறுத்தினால் குரங்கு மேலே ஏறும். பாட்டில், சீட்டுப் பை, லைட் எல்லாவற்றையும் கழற்றிக் காருக்குள் போட்டுவிடுங்கள். ஹேண்டில் டேப்பை உரித்துக்கொண்டு போன குரங்கை நான் பார்த்திருக்கிறேன், சாவகாசமாக உரித்தது.

பணக் கணக்கு கசக்கும். நல்ல ட்ரே ஒன்றின் விலையில் ஒரு சாதாரண கியர் சைக்கிளே வாங்கிவிடலாம், பாரும் காலும் தனி. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் வெளியே போவேன் என்பவர்கள், பின்சீட்டை மடக்கி முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே படுக்க வைத்தாலே போதும். மாதத்தில் சில ஞாயிறுகளாவது ஏலகிரியின் 14 கொண்டை ஊசிகளையோ வத்தல்மலையையோ மிதித்து ஏற நினைக்கிறவர்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும். அடுத்து வேறு கார் வாங்கினால் ட்ரே அப்படியே அதற்கும் பொருந்தும், பாரும் அநேகமாகப் பொருந்தும். கால் கிட் மட்டும் புதிதாக வாங்க வேண்டும், புதுக் காரின் கூரையைத் தட்டிப் பார்த்து, கையேட்டில் எடை வரம்பையும் படித்த பிறகு.