குளவிக் கூடு: சோப்புத் தண்ணீரா, ஸ்பிரேயா, பொடியா?

கூட்டைக் கண்டதும் எந்த மருந்து அடிக்கலாம் என்றுதான் முதலில் தேடுவோம். ஆனால் கூடு எப்படிக் கட்டியிருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதுதான் வேலையைத் தீர்மானிக்கும். ஒரு கூட்டை ஐந்தே நிமிடத்தில் முடித்த அதே டப்பா இன்னொரு கூட்டில் வீட்டாரை ஓட விடும்.

சுவரில் களிமண்ணை அப்பியதுபோல இருந்தால் அது தனியாக வாழும் மண்குளவியின் வேலை. சிலந்தியையோ புழுவையோ கொட்டி மயக்கி, உள்ளே அடைத்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். கூட்டைக் காக்கக் கூட்டமாகப் பாய்ந்து வராது. இதற்கு மருந்து வாங்குவது வீண் செலவு. மேலே வட்ட ஓட்டை தெரிந்தால் குஞ்சு பறந்துவிட்டது என்று பொருள். பட்டி பார்க்கும் தகட்டால் சுரண்டி எடுத்தால் போதும்.

தலைவலி மற்ற மூன்றில்தான்: காம்பில் தொங்கி, தாமரைப் பொகுட்டைக் கவிழ்த்ததுபோல அறைகள் வெளியே தெரியும் திறந்த கூடு, ஒரே வாசலோடு பந்துபோல மூடியிருக்கும் கதண்டுக் (பெரிய குளவி) கூடு, சுவர் ஓட்டைக்குள்ளோ மண்ணுக்குள்ளோ மறைந்திருக்கும் கூடு.

திறந்த கூட்டுக்கு: சோப்பும் ஸ்பிரேயும்

ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு 2 மேசைக்கரண்டி. தண்ணீரை ஊற்றிய பிறகு சோப்பைச் சேர்த்து மெதுவாகக் கலக்க வேண்டும். குலுக்கினால் நுரை கட்டி, பம்ப் பீச்சாமல் துப்பும். கையால் அழுத்தம் ஏற்றும் தெளிப்பானில் ஊற்றி, நுனியைத் தூறலில் வைக்காமல் நேர்ப் பீச்சலுக்குத் திருகவும். குளவியின் உடம்பில் மெழுகுப் பூச்சு உண்டு, வெறும் தண்ணீர் அதில் ஒட்டாமல் உருண்டு விழும். சோப்பு சேர்ந்ததும் தண்ணீர் படர்ந்து, பக்கவாட்டில் உள்ள மூச்சுத் துளைகளை அடைத்துவிடும். நன்றாக நனைந்த குளவி பறக்க முடியாமல் கீழே விழும்.

இதன் குறையும் அதிலேயே இருக்கிறது. நனையாத குளவிக்கு ஒன்றும் ஆகாது. காய்ந்த பிறகு வீரியம் எதுவும் மிஞ்சாது, வெளியே போயிருந்தவை திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும். பீச்சல் எட்டும் தூரமும் குறைவு.

குளவிக்கென்றே விற்கும் ஸ்பிரே 4 முதல் 6 மீட்டர் வரை நேர்கோட்டில் பாயும். அதிலுள்ள பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து நரம்பைத் தாக்குவதால் சட்டென்று விழும். கூட்டில் படிந்த மருந்து, பிறகு திரும்பி வருபவற்றையும் பார்த்துக்கொள்ளும். கரப்பான் ஸ்பிரேயை இதற்குப் பதிலாக நினைக்கக் கூடாது. அது பனிபோல் பரவும், ஒரு மீட்டர் நெருங்க வேண்டும், குளவி விழுவதற்குள் நம்மேல் வந்துவிடும். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்கவும். ஸ்பிரேயின் வாயு தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, விளக்குப் பக்கம் ஆகாது. பைரெத்ராய்டுகள் மீன்களுக்கு நஞ்சு. அவற்றில் ஒன்றான பெர்மெத்ரின் பூனைக்கும் ஆகாது.

எங்கள் தீர்ப்பு: தரையில் நின்றபடியே எட்டும், உள்ளங்கையைவிடச் சிறிய கூட்டுக்குச் சோப்பு போதும். அதைவிட உயரம் என்றால் ஸ்பிரே. இரண்டுக்குமே ஏணி வேண்டாம். கொட்டியதைவிட ஏணியிலிருந்து விழுந்ததுதான் பெரிய காயமாகும்.

பொழுது சாய்ந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் செய்தால் பெரும்பாலானவை கூட்டிலேயே இருக்கும். டார்ச்சில் சிவப்புச் செலோஃபேன் கட்டவும், குளவிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அதையும் கையில் பிடிக்காமல் தள்ளி ஒரு பக்கம் வைக்கவும். கலைந்த குளவி வெளிச்சத்தை நோக்கித்தான் வரும். பகலில் நெருங்கும்போது குளவிகள் இறக்கையைத் தூக்கி, முகத்தை நம் பக்கம் திருப்பினால் அது எச்சரிக்கை, மெதுவாகப் பின்வாங்குங்கள். அடித்து நசுக்கினால் கிளம்பும் வாசனை மற்றவற்றையும் கூட்டிவரும்.

மறைந்த கூட்டுக்குப் பொடிதான்

இங்கே ஸ்பிரே தோற்கும். கூடு வாசலுக்கு நேராக இருக்காது, வளைந்து உள்ளே இருக்கும். மருந்து காவல் நிற்கும் நாலைந்தோடு நின்றுவிடும். டெல்டாமெத்ரின் அல்லது பெர்மெத்ரின் பொடியை இரவில் வாசலில் ஊதினால் உள்ளே போகும் ஒவ்வொன்றும் காலில் ஒட்டிய பொடியைத் தானே கூட்டுக்குள் சுமந்து செல்லும். ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும். போக்குவரத்து நிற்கவில்லை என்றால் மறுபடி ஒரு முறை. ஈரத்தில் பொடி கட்டியாகிவிடும், அதனால் மழை நாளில் வேண்டாம். முகமூடியும் கையுறையும் அவசியம்.

அடிக்கடி நடக்கும் தவறு, உயிருள்ள கூட்டின் வாசலைச் சிமெண்டாலோ சிலிகானாலோ அடைப்பது. வெளியே வழி இல்லாத குளவி, உள்கூரையின் ஜிப்சம் பலகையைக் கடித்துத் துளைத்து அறைக்குள் இறங்கலாம். பல நாள் ஒன்றுகூட வரவில்லை என்று உறுதியான பிறகே அடைக்க வேண்டும்.

எடுபடாதவை

மண்ணெண்ணெயும் தீயும் வேண்டவே வேண்டாம். காகிதம் போன்ற காய்ந்த கூடு பற்றி எரிந்து துண்டு துண்டாக விழும், குளவி பறந்துவிடும், கூரை மிஞ்சாது. பைப் தண்ணீர் கூட்டை உடைக்கும், குளவியைக் கொல்லாது. இனிப்புப் பொறி இரை தேடி வருபவற்றை மட்டும் பிடிக்கும். நாம் உட்காரும் இடத்துக்கு அருகே வைத்தால் இல்லாததையும் இழுத்து வரும். குளவியை விரட்டப் போலிக் கூடு தொங்கவிடுவதை நம்ப வேண்டாம்.

கதண்டுக் கூட்டை யாரும் தானாகத் தொடக் கூடாது. கூட்டமும் பெரிது, கோபமும் பெரிது, சில வகை இரவிலும் பறக்கும். பயிற்சி பெற்ற ஆட்கள், முழு உடையோடு வரட்டும். வீட்டில் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் சிறிய கூட்டுக்கும் இதே விதி. குளவி தேனீபோலக் கொடுக்கை விட்டுச் செல்லாது, ஒன்றே பல முறை கொட்டும். கொட்டினால் சோப்பால் கழுவி, துணி சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைக்கலாம். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் வந்தால் உடனே அவசர சிகிச்சை.

ஆள் நடமாட்டமில்லாத மரக்கிளையில் திறந்த கூடு இருந்தால் விட்டுவிடுவதே சரி. தோட்டத்துப் புழுக்களை அவை பிடித்துத் தம் குஞ்சுகளுக்கு ஊட்டும்.

கூடு காலியானதும் காம்போடு சுரண்டி, சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்கவும். மூடிய அறைக்குள் இருக்கும் கூட்டுப்புழு மருந்துக்குத் தப்பி, பிறகு வெளியே வரலாம். பிறகு காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணுள்ள வலை அடித்து, ஜன்னல் மேற்புறத்தையும் கூரை விளிம்பையும் வாரம் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். நாணய அளவில், ராணி மட்டும் இருக்கும் கூட்டை அவள் இரை தேடப் போன நேரத்தில் நீளக் குச்சியால் தட்டிவிடலாம். மறுநாள் அதே இடத்தில் மறுபடி காம்பு ஒட்டுவாள். இரண்டு மூன்று முறை தட்ட வேண்டியிருக்கும்.