கடல்மேல் புகைமூட்டம்: பெரிய விமானமா, சிறிய ஆளில்லா விமானமா?

1999இல் இந்தோயெக்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வு, இந்தியப் பெருங்கடல்மேல் பரவிய பழுப்புப் புகைமூட்டத்தை அளக்க சி-130 என்ற பெரிய விமானத்தைப் பயன்படுத்தியது. கனமான கருவிகள், கூடவே விஞ்ஞானிகள், நீண்ட தூரம். துகள்களின் வேதியியலை அலச அதுதான் சரி.

ஆனால் ஒரே விமானம் ஒரே நேரத்தில் மேகத்துக்கு மேலேயும் கீழேயும் இருக்க முடியாதே! 2006இல் மாலத்தீவின் ஹனிமாதூவிலிருந்து காலநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதனின் குழு மூன்று சிறு ஆளில்லா விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டது. மேலும் கீழும் வெயிலை ஒரே சமயம் அளந்ததால், நடுவிலுள்ள அடுக்கு எவ்வளவு உறிஞ்சியது என்பது நேரடியாகக் கிடைத்தது. கீழ் வளிமண்டலம் வெயிலால் சூடாவதைப் புகைமூட்டம் சுமார் 50 சதவீதம் கூட்டியிருந்தது. கடல்பரப்புக்கோ வெயில் குறைந்தது. வெப்பக் கணக்கு என்றால் என் ஓட்டு சிறியவற்றுக்கே.